உம்மாவின் உறுதியும் வங்கியின் ஏலமும்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களில் வீடு என்பது பெண்ணின் உடைமை. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே அவள் பேரில் வீடும் வளவும் உறுதி எழுதி, மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கே அழைத்துக்கொள்வது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நெடுநாளைய வழக்கம். வாப்பாவின் உழைப்பும் காக்காமாரின் உழைப்பும் அந்தச் சுவர்களிலேதான் முடிகின்றன.

அவ்வீட்டுக்கு ஆபத்து பெரும்பாலும் கணவனின் கடை வழியாகவே வருகிறது. கடன் கேட்பவன் அவன். ஈடு வைக்கக் கையொப்பம் இடுபவள் அவள். ஈட்டுறுதியை எழுதும் நொத்தாரிசு வங்கி காட்டிய ஆளாகவே இருப்பார். அவள் பக்கம் நின்று வாசித்துச் சொல்ல ஒருவரும் இருப்பதில்லை.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குப் பெரிய அதிகாரம் ஒன்றைக் கொடுத்தது. தவணை தவறினால், நீதிமன்றம் ஏறாமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கலாம். ‘பராட்டே’ என்று பத்திரிகைகள் எழுதுவது இதனைத்தான். 2022இன் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து, 2024இல் பாராளுமன்றம் இதனைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் 2006ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் ஒரு தீர்ப்பு உண்டு. கடன் பெற்றவர் ஒருவர், ஈடு வைத்தவர் வேறொருவர் என்றால், அந்த மூன்றாமவரின் சொத்தை இவ்வதிகாரத்தால் விற்க முடியாது என உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகக் கூறியது. நம் ஊர் மனைவிமாருக்கென்றே சொல்லப்பட்டது போன்ற தீர்ப்பு! எனினும், கம்பனிக்காக அதன் பணிப்பாளர் வைத்த ஈடு போன்றவற்றைப் பின்வந்த தீர்ப்புகள் வேறாக நோக்கின. ஒரு குடும்பத்தின் உறுதி இதில் எந்தப் பக்கம் சேரும் என்பதைச் சட்டத்தரணி ஒருவரே சொல்ல முடியும்.

அவரைத் தேடிப் போவதோ மிகவும் பிந்தி. வட்டி ஹராம் என்று குத்பாவில் கேட்டவர்கள் வட்டிக் கடனை வெளியே சொல்லக் கூசுகிறார்கள். பத்திரிகையில் ஏல விளம்பரம் வந்த பிறகுதான் நகையை விற்றுக் கட்டணம் தேடுகிறார்கள். தொகை பெரிதாகி, விஷயம் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போனால், ஒவ்வொரு தவணைக்கும் இரவுப் பஸ் செலவும் சேரும். மூடிவைத்த வெட்கத்துக்கும் ஒரு வட்டி உண்டு போலும்.

வருமானம் குறைந்தவருக்கு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கல்முனையிலும் அதன் நிலையம் உண்டு. போகும்போது ஈட்டுறுதி, கடன் ஒப்பந்தம், பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், வங்கிக் கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். கடனாளி என்ற இடத்தில் யார் பேர், ஈடு வைத்தவர் என்ற இடத்தில் யார் பேர் என்பதைத்தான் அங்கே முதலில் கேட்டறிய வேண்டும்.