உறங்கும் வைரஸ், விழிக்கும் விஷம்

காலராக் கிருமிக்கு நஞ்சைக் கொடுத்தது அதற்குள் குடியிருக்கும் ஒரு வைரஸ்

1992இன் பிற்பகுதி. சென்னையில் கடும் பேதியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஏறியது. அறிகுறிகள் காலராவுக்கு உரியவை. ஆனால் கிருமியோ, காலராவை உறுதிசெய்யும் வழக்கமான ஓ1 சோதனையில் சிக்கவில்லை. சில மாதங்களில் அது கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. முன்பே எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் தப்பவில்லை. ஓ139 என்று பெயரிடப்பட்ட அந்தக் கிருமி, மேலுறைக்கான மரபணுக்களை மாற்றிக்கொண்டிருந்தது. நஞ்சு மட்டும் பழையதுதான்.

அந்த நஞ்சை 1959இல் முயல் குடலில் சோதித்து நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. அதன் மரபணு எங்கிருந்து வந்தது? 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மேத்யூ வால்டரும் ஜான் மெகலனாஸும் விடை சொன்னார்கள்: ஒரு வைரஸிடமிருந்து.

நூலிழை வடிவிலான இந்த சிடிஎக்ஸ் வைரஸ், பாக்டீரியாவின் சொந்த நொதிகளைக் கொண்டே அதன் குரோமோசோமில் தன்னைச் செருகிக்கொள்கிறது. பிறகு உறக்கம். பாக்டீரியா பெருகும்போதெல்லாம் வைரஸும் வாரிசுகளுக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு புரதம் பூட்டுப் போல அதை அடக்கி வைக்கிறது. புற ஊதாக் கதிரோ சில மருந்துகளோ டிஎன்ஏவைச் சேதப்படுத்தினால் செல்லுக்குள் அபாயச் சங்கு ஒலிக்கிறது, பூட்டு தளர்கிறது.

விழித்தெழும் வைரஸ்கள் பல, குரோமோசோமிலிருந்து தம்மைக் கத்தரித்துக்கொண்டு, பெருகி, குடியிருந்த செல்லையே வெடிக்கச் செய்பவை. போகிறபோக்கில் பக்கத்து மரபணுக்களையும் சில சமயம் அள்ளிச் செல்லும். சிடிஎக்ஸ் சாதுரியமானது. இருந்த இடத்தில் இருந்தபடியே பிரதிகளை வெளியே அனுப்புகிறது. கிருமி சாவதில்லை. அந்தப் பிரதி நுழையும் சாதுவான கிருமியும் நஞ்சு கக்கத் தொடங்கலாம்.

பூட்டுப் புரதம் தன் இன வைரஸைத்தான் தடுக்கும். வேறு பூட்டோடு வரும் வைரஸைத் தடுக்காது. 1996இல் கல்கத்தாவில் மீண்டும் தலைதூக்கிய ஓ139இல் அப்படியொரு புது ரகமும் குடியேறியிருந்தது.

மருத்துவத்துக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ரத்தபேதி உண்டாக்கும் ஒரு வகை ஈ. கோலியில், சில ஆன்டிபயாடிக்குகள் உறங்கும் வைரஸை எழுப்பி நஞ்சைப் பெருக்குவது சோதனைக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. அந்த நோயில் டாக்டர்கள் பொதுவாக அவற்றைத் தவிர்க்கிறார்கள். காலராவிலோ கடும் நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் உதவுகிறது. ஆனாலும் உயிரைக் காப்பது முதலில் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர்தான். வைரஸ் உறங்கினாலும் விழித்தாலும், சுத்தமான குடிநீர் கிடைக்கும் தெருவில் அதற்கு வேலையில்லை.