அப்கிரேடுக்குப் பிறகு டச்பேட் ஸ்க்ரோல் ஆகலையா? ஒரு குறிப்பு

கிள்ளைப் பக்கம் பழைய மடிக்கணினி வைத்திருக்கிறவர்கள் அவ்வப்போது என்னிடம் கொண்டு வருகிற புகார் ஒன்று உண்டு. "புது ஓஎஸ் போட்டேன், எல்லாம் நல்லா இருக்கு, ஆனா டச்பேட்ல ஸ்க்ரோல் மட்டும் போச்சு." அம்புக்குறி நகருது, தட்டினால் கிளிக் ஆகுது. இரண்டு விரல் வைத்து இழுத்தால் மட்டும் பக்கம் அசைவதில்லை. கடையில் காட்டினால், "பேட் போயிடுச்சு, மாத்தணும்" என்ற பதில் வந்துவிடுகிறது.

மாற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்க. அம்புக்குறி ஒழுங்காக நகர்ந்தால் பேட் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. கோளாறு அதற்கு மேலே உள்ள மென்பொருளில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏன் அப்படிச் சொல்கிறேன், எந்த வரிசையில் சோதித்துப் பார்க்கணும் என்பதை எழுதி வைக்கவே இந்தக் குறிப்பு.

யாருக்கு இது பெரிய விஷயம்?

மவுஸ் ஒன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று சொல்லலாம். இங்கே வருகிற கணினிகளில் பல, 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் மூலம் கொள்முதல் ஆகி மாணவர்கள் கைக்கு வந்தவை. அண்ணன் பிளஸ் டூவில் வாங்கியது, இப்போ தங்கை போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். இருநூறு பக்கப் பாடநூல் பிடிஎஃப்-ஐ ஓரத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து இழுத்துப் படித்துப் பாருங்க, பத்து நிமிஷத்தில் கை சலித்துப் போகும். கிள்ளையில் ரயில் ஏறி சிதம்பரமோ கடலூரோ போகிறவர்கள் மடியில் வைத்துப் படிக்கிறார்கள், அங்கே மவுஸுக்கு இடம் ஏது? "இது இனி உதவாது" என்று ஓடுகிற கணினியை மூலையில் வைத்துவிடுவதுதான் கடைசியில் நடக்கிறது. இன்னொன்று வாங்க எல்லா வீட்டிலும் வசதி இல்லை.

ஸ்க்ரோல் எங்கே உருவாகுது?

மவுஸில் சக்கரம் இருக்கு. அது சுற்றினால் "சக்கரம் சுற்றியது" என்ற செய்தி நேராகக் கணினிக்குப் போகும். டச்பேடில் சக்கரம் கிடையாது. மேல் தகட்டுக்கு அடியில் இருக்கிற மின்முனை வலை, விரல் நெருங்கும்போது மின்தேக்கத்தில் ஏற்படும் மாற்றத்தை அளக்கிறது. "இந்த இடத்தில் ஒரு விரல், அந்த இடத்தில் இன்னொன்று" என்ற கணக்குதான் அதன் கையில் இருக்கு. அதைப் பார்த்து "இது ஸ்க்ரோல்" என்று முடிவு செய்வது டிரைவர் மென்பொருள்.

பஸ்ஸை நினைத்துக்கோங்க. நடத்துநர் ஒரு விசில் அடித்தால் நிறுத்தணும், இரண்டு விசில் அடித்தால் எடுக்கணும். விசிலுக்கு அர்த்தம் தெரியாது, ஓட்டுநருக்குத்தான் தெரியும். புதிதாக வந்த ஓட்டுநருக்கு இரட்டை விசில் பழக்கமில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்காக விசிலை மாற்றி என்ன பயன்? ஓஎஸ் அப்கிரேடில் மாறுவது பெரும்பாலும் இந்த ஓட்டுநர்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பழைய மடிக்கணினிகளில் டச்பேட் பிஎஸ்/2 என்ற பழைய மவுஸ் இணைப்பில் இருக்கும். கணினி எழும்போது அது தன்னைச் சாதாரண மவுஸாகவே காட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அசைவுக்கும் 3 பைட் செய்தி அனுப்பும். எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பொத்தான் அழுந்தியது, அவ்வளவுதான் அதில் இருக்கும். டிரைவர் அதனிடம் அதற்குரிய மொழியில் பேசி, "நீ யார்னு தெரியும், முழு விவரம் கொடு" என்று கேட்ட பிறகே விரல் இருக்கும் இடம், அழுத்தம் எல்லாவற்றையும் அனுப்பத் தொடங்கும். சினாப்டிக்ஸ் வகைப் பேடில் அந்தச் செய்தி 6 பைட். இந்தப் பேச்சுவார்த்தை நடக்காமல் போனால் பேட் கடைசிவரை மவுஸ் வேஷத்திலேயே இருக்கும். அம்பு நகரும், கிளிக் ஆகும், ஸ்க்ரோல் மட்டும் இருக்காது. நாம் பார்க்கிற புகார் இதேதான்.

அப்கிரேடில் என்ன மாறியது?

லினக்ஸில் பல ஆண்டுகள் 'சினாப்டிக்ஸ்' என்ற டிரைவர் கோலோச்சியது. பேட் வேறு கம்பெனியுடையதாக இருந்தாலும் டிரைவரின் பெயர் இதுதான், அதனால் குழம்ப வேண்டாம். பிறகு 'லிப்இன்புட்' வந்தது. 2015-ல் ஃபெடோரா 22 அதை இயல்பு டிரைவராக எடுத்துக்கொண்டது. டெபியன் 2017-ல் வந்த 9-ஆம் பதிப்பில் மாறியது. உபுண்டுவில் 16.04-லிருந்து 18.04-க்குத் தாவியவர்கள் இந்த மாற்றத்தை நேரடியாகச் சந்தித்தார்கள். அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது. அதுவும் டெபியன் வழி வந்ததுதான்.

விண்டோஸிலும் கதை கிட்டத்தட்ட இதுவே. விண்டோஸ் 7-ல் ஸ்க்ரோலைப் பார்த்துக்கொண்டது தயாரிப்பாளர் கொடுத்த டிரைவர். விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போடும்போது சில கணினிகளில் அது வராமல், பொதுவான 'பிஎஸ்/2 கம்பேட்டிபிள் மவுஸ்' டிரைவர் உட்கார்ந்துவிடும். மறுபடியும் அதே மவுஸ் வேஷம்.

சோதிக்கும் வரிசை

கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிங்க.

1. ஒரே ஒரு செயலியில் மட்டும் ஸ்க்ரோல் இல்லையா, எல்லாவற்றிலுமா என்று பாருங்க. பிரவுசரில் நகர்ந்து பிடிஎஃப் வாசிப்பானில் நகரவில்லை என்றால் அது அந்த வாசிப்பானின் பிரச்சினை. டிரைவரைத் தொடாதீங்க.

2. இன்னொரு ஓஎஸ்-ல் பாருங்க. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கிற கணினி என்றால் இது சுலபம். ஒன்றில் ஸ்க்ரோல் ஆகி மற்றதில் ஆகலைன்னா, பேடுக்கு ஒன்றும் இல்லை என்று அங்கேயே முடிவு கட்டிவிடலாம். ஒரே ஓஎஸ்தான் இருக்கு என்றால், பென் டிரைவில் லைவ் லினக்ஸ் போட்டு நிறுவாமலே எழுப்பிப் பாருங்க.

3. செட்டிங்ஸில் 'மவுஸ் அண்ட் டச்பேட்' பக்கத்துக்குப் போங்க. 'இரண்டு விரல் ஸ்க்ரோல்', 'ஓர ஸ்க்ரோல்' என்று இரண்டு இருக்கும். பழைய டிரைவரில் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். லிப்இன்புட்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். பேட் இரண்டு விரலை அடையாளம் காணும் என்றால் அது இரண்டு விரலையே இயல்பாகத் தேர்ந்தெடுக்கும். வலது ஓரத்தில் ஒற்றை விரலால் இழுத்துப் பழகியவர்களுக்கு "ஸ்க்ரோல் போச்சு" என்று தோன்றுவது இதனால்தான். போகவில்லை, பழக்கம்தான் மாறியிருக்கு. வேண்டுமானால் ஓரத்துக்கே மாற்றிக்கோங்க. பக்கம் தலைகீழாக நகர்ந்தால் 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்' என்பதை அணைத்துவிடுங்க.

4. அந்தப் பக்கத்தில் டச்பேட் பகுதியே இல்லை என்றால், கணினி பேடை என்னவாகப் பார்க்கிறது என்று கேட்கணும். 'எக்ஸ்இன்புட்', ஒரு இடைவெளி, 'லிஸ்ட்' என்று அடிங்க. பட்டியலில் 'டச்பேட்' என்று முடியும் பெயர் இருந்தால் ஐந்தாவது படி. 'ஜெனரிக் மவுஸ்' என்று மட்டும் இருந்தால் ஆறாவது படி.

5. டச்பேட் என்று தெரிகிறது, ஆனாலும் செட்டிங்ஸில் வரவில்லை. இங்கே பழைய ஓட்டுநர் சீட்டை விட்டு இறங்கவில்லை என்று அர்த்தம். அப்கிரேட் ஆனாலும் சினாப்டிக்ஸ் தொகுப்பு தானாக நீங்குவதில்லை. டிரைவர் அமைப்புக் கோப்புகள் எண் வரிசையில் படிக்கப்படும், கடைசியில் வருவது சொல்வதே செல்லும். லிப்இன்புட் கோப்பின் எண் 40, சினாப்டிக்ஸ் கோப்பின் எண் 70. ஆகவே புதியது இருந்தும் பழையதே ஜெயிக்கும். க்னோம் செட்டிங்ஸோ பழையதுடன் பேசுவதையே விட்டுவிட்டது. நீங்க அங்கே எதை மாற்றினாலும் பேடுக்குப் போய்ச் சேராது.

தீர்வு: தொகுப்பு மேலாளரில் 'எக்ஸ்சர்வர்-எக்ஸ்ஆர்க்-இன்புட்-லிப்இன்புட்' நிறுவியிருக்கா என்று முதலில் உறுதி செய்யுங்க, இல்லையென்றால் நிறுவுங்க. அதற்குப் பிறகே 'எக்ஸ்சர்வர்-எக்ஸ்ஆர்க்-இன்புட்-சினாப்டிக்ஸ்' என்பதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்க. இந்த வரிசை முக்கியம். நீக்கும்போது கூடவே வேறு எவை எவை நீங்கும் என்று ஒரு பட்டியல் காட்டும், அதைப் படிக்காமல் 'ஆம்' சொல்ல வேண்டாம். மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் வைத்திருப்பவர்கள் பழைய டிரைவரையே வைத்துக்கொண்டும் காலம் தள்ளலாம், அவற்றின் செட்டிங்ஸ் அதனுடனும் பேசும்.

6. 'ஜெனரிக் மவுஸ்' என்று தெரிந்தால் முன்னே சொன்ன பேச்சுவார்த்தை முறிந்திருக்கு. 'பிஎஸ்மவுஸ்' என்ற கெர்னல் பகுதியைக் கழற்றி மறுபடி மாட்டுங்க. 'சூடோ மாட்ப்ரோப் -ஆர் பிஎஸ்மவுஸ்', அடுத்து '-ஆர்' இல்லாமல் அதே வரி. முதல் வரிக்குப் பிறகு அம்பு செத்துப்போகும், பயப்பட வேண்டாம், விசைப்பலகை வேலை செய்யும். இரண்டாவது வரியில் உயிர் வந்து ஸ்க்ரோலும் திரும்பினால், கணினி எழும்போதோ தூங்கி விழிக்கும்போதோ அறிமுகம் தவறிப்போகிறது என்று பொருள். திரும்பலைன்னா, ரீஸ்டார்ட் செய்து க்ரப் மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்க. அதில் வேலை செய்தால் குற்றவாளி புதிய கெர்னல்தான். அடுத்த கெர்னல் வரும்வரை பழையதிலேயே ஓட்டலாம்.

7. விண்டோஸில் என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து மவுஸ் பகுதியைப் பாருங்க. 'பிஎஸ்/2 கம்பேட்டிபிள் மவுஸ்' என்று மட்டும் இருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் உங்க மாடல் எண்ணுக்கான டச்பேட் டிரைவரை எடுத்து நிறுவுங்க. மாடல் எண் கணினியின் அடியில் ஒட்டியிருக்கும். அப்டேட்டுக்கு மறுநாள்தான் கெட்டது என்றால், அதே இடத்தில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கா என்று பாருங்க. ஊர் பெயர் தெரியாத தளங்களிலிருந்து 'டிரைவர் பேக்' எடுக்காதீங்க, ஸ்க்ரோலைத் தேடிப் போய் வைரஸை வீட்டுக்குக் கூட்டி வந்த கதையாகிவிடும்.

எப்போது பேடே கெட்டிருக்கும்?

எந்த ஓஎஸ்-லும் ஸ்க்ரோல் இல்லை, அம்பு தானாகத் துள்ளுது, விட்டு விட்டு வேலை செய்யுது என்றால் வன்பொருளைச் சந்தேகிக்கலாம். நம்மைப் போல் கடலோரத்தில், பிச்சாவரம் கழிமுகக் காற்றில் இருப்பவர்கள், பேடிலிருந்து மதர்போர்டுக்குப் போகிற பட்டை வயரின் முனையைக் கவனிக்கணும். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து அந்தத் தொடுமுனைகளை அரிக்கும். ஈரக் கையோடு தொட்டாலும் அளவீடு குழம்பும், அதனால் முதலில் கையையும் பேடையும் துடைத்துவிட்டுப் பாருங்க.

பேட் மேலே உப்பியிருந்தாலோ, அழுத்தினால் உள்ளே போகாமல் கெட்டியாக இருந்தாலோ சோதனையை அங்கேயே நிறுத்துங்க. பல மாடல்களில் பேட்டரி பேடுக்கு அடியிலோ பக்கத்திலோதான் இருக்கும், அது வீங்கி மேலே தள்ளுகிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க. பேட்டரியை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்க. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அடுத்த அப்கிரேடுக்கு முன்

புதிய பதிப்பை நிறுவுவதற்கு முன் லைவ் பென் டிரைவில் எழுப்பி, டச்பேட், வைஃபை, ஒலி மூன்றையும் ஐந்து நிமிஷம் பார்த்துவிடுங்க. லைவில் ஸ்க்ரோல் ஆகி, நிறுவிய பிறகு ஆகலைன்னா, பழைய பதிப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எச்சம்தான் காரணம், ஐந்தாவது படிக்கு நேராகப் போயிடலாம். லைவிலேயே ஆகலைன்னா அந்தப் பதிப்பு உங்க பேடுக்கு ஒத்துவரலை, வேறு பதிப்பைப் பாருங்க. இன்னொன்று, தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அப்கிரேட் செய்யாதீங்க. படிப்பு முடியட்டும், ஓஎஸ் காத்திருக்கும்.