இருபது அடியில் தங்கமா?

"பழைய துரை பங்களாவுக்குக் கீழே இருபது அடி ஆழத்தில் தங்கம் இருப்பதாக ஸ்கேனரில் காட்டுகிறது என்கிறார்கள். அப்படிக் காட்டுமா ஐயா?" என்று கேட்கிறார் கொட்டகலை வாசகர் ஒருவர். புதையல் தோண்டப் போனவர்கள் ஸ்கேனரோடு கைதாகும் செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருவதுதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காட்டாது.

கையில் பிடித்து வீசிச் செல்லும் சாதாரணக் கருவிக்கு ஒரு நாணயம் அகப்படுவது ஒரு சாணிலிருந்து ஓர் அடி ஆழத்துக்குள். பெரிய சுருள் பூட்டினால், பெட்டியளவு இரும்பு ஒன்றிரண்டு மீற்றரில் சிக்கலாம். அதற்கும் கீழே போகவிடாமல் தடுப்பது 64 என்ற எண்.

சுருள் அனுப்பும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு புலத்தை மேலே அனுப்புகிறது. சுருளின் அகலத்தைத் தாண்டிய பிறகு, தூரம் இரு மடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். போகும்போது எட்டில் ஒன்று, திரும்பும்போது மறுபடி எட்டில் ஒன்று. ஆக, 64இல் ஒன்று. இந்தக் கணக்கில் ஓர் அடியில் கிடைக்கும் சைகை, இருபது அடியில் ஆறு கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது.

சக்தியைக் கூட்டினால்? பனிமூட்டத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். எதிரே வருபவர் தெரியுமுன் பனியே வெளுத்துக் கண் கூசும். பெரிய டோர்ச் அடித்தால் பனி இன்னும் வெளுக்கும். மலையகத்துச் செம்மண்ணின் இரும்பு ஒக்சைட்டுகள்தாம் அந்தப் பனி. சுருளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவற்றின் பதில் ஆழத்து உலோகத்தின் பதிலை மூடிவிடும். துடிப்பு முறைக் கருவி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது: டோர்ச்சை அணைத்துவிட்டு, பிறகும் எது மினுங்குகிறது என்று பார்க்கும். சுழல் மின்னோட்டம் அடங்கச் சில மைக்ரோ செக்கன்களாவது பிடிக்குமே! ஆனால் சிலவகைச் செம்மண்ணும் அணைத்த பின் சற்று மினுங்கித் தொலைக்கிறது. மினுங்கும் பனியை யார் கண்டார்கள்? உவமையை இத்தோடு விட்டுவிடுவோம்.

வரலாறு வேண்டுமென்றால் ஒரு வரி: 1881இல் கிரகாம் பெல், சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் இதே வகைக் கருவியால் குண்டைத் தேடித் தோற்றார்.

நம் வடக்கிலோ, உலோகம் மிகக் குறைந்த பீ4 கண்ணிவெடிகள் மேல்மண்ணிலேயே கிடந்தும், கருவியை மட்டும் நம்பாமல் வாரியால் மண்ணை வாரி வாரி முன்னேறிய குழுக்கள் உண்டு.

அன்டெனா தானாகத் திரும்பித் தங்கத்தைக் காட்டும் என்ற கதை வேறு ரகம். ஏடீஈ 651 என்ற பெயரில் அத்தகைய வெற்றுப் பெட்டியை 'வெடிகுண்டு காட்டும் கருவி' என்று ஈராக்குக்கு விற்ற பிரித்தானியர் ஜேம்ஸ் மெக்கோர்மிக்குக்கு 2013இல் 10 ஆண்டுச் சிறை கிடைத்தது.

முற்பணம் கேட்டு வருபவருக்கு ஒரு சோதனை வையுங்கள். உங்கள் மரக்கறித் தோட்டத்தில் முழங்கால் ஆழத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றியைப் புதைத்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்தாலும் பங்களாப் பக்கம் மண்வெட்டி போகவேண்டாம்: அனுமதியின்றிப் புதையல் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம்.