குளத்துச் சேற்றில் சல்பைடை அளத்தல்

கெண்டை மீன் வளர்க்கும் குளத்தின் அடிச்சேறு கறுத்து, கிளறியதும் அழுகிய முட்டை நாற்றம் வீசுமாயின், அங்கே பிராணவாயு அற்றுப்போயிற்று என அறியலாம். அந்நிலையில் சிலவகைப் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. அதில் ஒரு பகுதி இரும்புடன் கூடிச் சேற்றைக் கறுப்பாக்குகிறது. ஹைட்ரஜன் சல்பைடாக நீரில் கரைந்திருப்பது, மிகச் சிறிய அளவிலும் மீனுக்கு நஞ்சாகும்.

இதனை அளப்பதற்குப் பெரும் இடையூறு காற்றே. காற்றுப் பட்டால் சல்பைடு குறைந்து, கண்ட அளவு பொய்யாகும். ஆகவே சேற்றைப் புட்டியின் விளிம்புவரை நிரப்பி, துத்தநாக அசிட்டேட்டுக் கரைசல் சேர்த்து, உடனே மூடிக் குளிரில் வைத்தல் வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில், நைட்ரஜன் செலுத்தியவாறு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க, ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படும். அதனைத் துத்தநாக அசிட்டேட்டில் பிடித்து, அமிலமும் மிகையான அயோடினும் சேர்த்து, எஞ்சிய அயோடினைத் தயோசல்பேட்டால் அளந்தால் சல்பைடின் அளவு கிடைக்கும். இவ்வாயு மனிதர்க்கும் நஞ்சாதலின், காற்றோட்டமுள்ள புகைப்பெட்டியிலேயே இதனைச் செய்தல் வேண்டும்.