மகளின் பைக்குக்கு வழிகாட்டி வாங்கிய கதை

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. மணி ஒன்பது இருக்கும். தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு மகளைச் சாப்பிடக் கூப்பிடப் போனால், அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"தலை ஈத்து மாடும்மா. கன்னு தலை திரும்பிக் கிடக்காம். வந்து சாப்பிடுறேன்."

என் மகள் மாட்டு டாக்டர். படித்து முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. எங்கள் வீடு நாகமலை புதுக்கோட்டையில். அவள் வேலை பார்ப்பது செக்கானூரணியில் ஒரு தனியார் கால்நடை ஆஸ்பத்திரியில். சுற்றுப்பட்டியில் எந்த வீட்டு மாடு முனகினாலும் அவளுக்குத்தான் போன் வரும். அப்பாவின் பழைய பைக்கை அவள்தான் ஓட்டுகிறாள். ("பொம்பளைப் பிள்ளைக்குப் பைக்கா?" என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது வாயை மூடிக்கொண்டார்கள், அவர்கள் வீட்டிலும் மாடு இருக்கிறதே!)

அந்த ராத்திரி அரை மணியில் போய்ச் சேர வேண்டிய ஊர். செல்போனில் இருந்த மேப் ஒரு குறுக்கு வழி காட்டியிருக்கிறது. நம்பிப் போனாள். தார் ரோடு மண் ரோடாகி, மண் ரோடு கண்மாய்க்கரையாகி, அங்கே கரையை அறுத்துக்கொண்டு தண்ணீர் ஓடுகிறது. டவரும் இல்லை. திரையில் வெறும் நீலப் புள்ளி, சுற்றிலும் வெள்ளைக் காகிதம் மாதிரி ஒன்றுமில்லை. சகதியில் வண்டியைத் திருப்பி, ஒரு டீக்கடை வெளிச்சத்தைப் பார்த்துப் போய், அங்கிருந்த பெரியவர் ஒருவர் "வா தாயி" என்று முன்னால் சைக்கிளில் போய் வழி காட்டி... ஒன்றேகால் மணி நேரம் தாமதம். பசு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை.

இரண்டு மணிக்கு வந்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கொஞ்சம் முன்னாடி போயிருந்தா கன்னு உசிரோட இருந்திருக்கும்மா" என்றாள். அன்று தோசை அப்படியே கிடந்தது.

மறுநாளே இவர், "ஒரு ஜி.பி.எஸ். வாங்கி வண்டியில மாட்டிடுவோம்" என்றார். மாட்டிடலாம், ஆனால் எது? அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று, சகோதரிகளே! பிரஷர் குக்கர் வாங்கக்கூட நான் இவ்வளவு அலைந்ததில்லை.

முதல் கடையில் "பைக்குக்கு ஜி.பி.எஸ். வேணும்" என்றதும் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார் கடைக்காரர். திரை இல்லை, குரல் இல்லை. இது எப்படி வழி சொல்லும் என்று கேட்டால், "இது உங்களுக்கு வழி சொல்லாதும்மா, வண்டி எங்கே நிக்குதுன்னு வீட்டுல இருக்கிறவங்களுக்குச் சொல்லும்" என்றார். இதற்கு டிராக்கர் என்று பெயர். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கிறது, அதற்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். வண்டி திருடு போனால் உதவும். நீங்களும் வாங்கப் போனால் முதலில் இந்த வித்தியாசத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டையுமே ஜி.பி.எஸ். என்றுதான் சொல்கிறார்கள்.

உண்மையைச் சொல்கிறேனே, எனக்கு அந்தக் கறுப்புப் பெட்டி மேல் ஆசை வந்துவிட்டது. ராத்திரி வெளியே போகிற பெண், எங்கே இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாமே! வீட்டுக்கு வந்து மெதுவாகப் பேச்செடுத்தேன். "நான் என்ன தொலைஞ்சு போன மாடாம்மா?" என்று அவள் கேட்ட கேள்வியில் அந்தப் பேச்சு அதோடு போயிற்று. கடைசியில் ஓர் ஒப்பந்தம். ராத்திரி கிளம்பும்போது மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரத்துக்கு 'லைவ் லொகேஷன்' போட்டுவிடுவாள். பதினைந்து நிமிஷம், ஒரு மணி, எட்டு மணி என்று மூன்று அளவு அதில் இருக்கிறது. நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும்.

சரி, வழிகாட்டிக்கு வருவோம். 'டவர் இல்லை, அதனால் ஜி.பி.எஸ். வேலை செய்யவில்லை' என்றுதான் நானும் நினைத்தேன். அது தப்பாம். நாம் இருக்கும் இடத்தைச் சொல்வது டவர் இல்லை, ஆகாயத்தில் இருக்கும் செயற்கைக்கோள்கள். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே, 'இப்போது மணி இன்னது, நான் இங்கே இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நம் கையிலுள்ள கருவி அவற்றில் நான்கின் குரலையாவது கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்குப் போட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இதற்குக் காசும் இல்லை, சிம் கார்டும் வேண்டாம். டவர் வழியாக வருவது மேப் படம்தான். அதனால்தான் கண்மாய்க்கரையில் புள்ளி இருந்தது, படம் இல்லை. வீட்டிலேயே மேப்பை இறக்கிச் சேமித்து வைத்திருந்தால் அந்த வெள்ளைக் காகிதம் வந்திருக்காது. இந்த ஒரு விஷயம் முன்பே தெரியாமல் போயிற்றே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் நாட்டுக்கும் சொந்தமாக இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது, நாவிக் என்று பெயர். முதல் கோள் 2013 ஜூலை 1-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போயிற்று. ரஷ்யா, ஐரோப்பா, சீனாவுக்கும் தனித்தனியாக உண்டு. பல நாட்டுக் கோள்களையும் கேட்கிற கருவியாக வாங்குவது நல்லது. மாசி வீதி பக்கத்துச் சந்துகளில் இரண்டு பக்கமும் மாடி வீடுகள் ஆகாயத்தை மறைக்கும்போது, எத்தனை கோள் கண்ணில் படுகிறதோ அத்தனைக்குப் புள்ளி தடுமாறாமல் நிற்கும்.

இப்போது கடைச் சரக்கு. மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த தனிக் கருவிகள் உண்டு. கார்மின் கம்பெனியின் ஜூமோ எக்ஸ்.டி. என்ற கருவியைப் படத்தில் பார்த்தோம். வெயிலிலும் தெரிகிற திரை, கையுறையோடு தொட்டாலும் கேட்கும், மேப் உள்ளேயே இருக்கும். 2020-ல் அது வந்தபோது அமெரிக்காவில் விலை 500 டாலர்! இமயமலைக்குப் போகிறவர்கள் வாங்கட்டும். அப்படி வாங்குகிறவர்களும் இந்திய மேப் அதில் இருக்கிறதா, உங்கள் ஊர்ப் பக்கத்துச் சின்னக் கிராமம் தேடினால் வருகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, வண்டியோடு வருவது. ஓசூரில் இருக்கும் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி 2018-ல் என்டார்க் 125 ஸ்கூட்டரில், செல்போனோடு பேசி வழி காட்டுகிற மீட்டரை வைத்தது. சென்னையில் செய்யும் ராயல் என்ஃபீல்டு 2020 நவம்பரில் மீட்டியார் 350 வண்டியில் 'ட்ரிப்பர்' என்று சின்ன வட்டத் திரை கொடுத்தது. படம் கிடையாது, 'இன்னும் இத்தனை மீட்டரில் இடது' என்று அம்புக்குறி மட்டும். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது. வண்டி ஓட்டுகிறவளுக்கு அவ்வளவு போதுமே! படத்தை உற்றுப் பார்க்கப் பார்க்க ரோட்டை யார் பார்ப்பது? ஆனால் வழி கண்டுபிடிப்பது பையில் இருக்கும் செல்போன்தான், அது இல்லாமல் அம்பு நகராது. அதோடு, இதற்காக வண்டியை மாற்ற எங்களால் முடியாது.

மிச்சம் இருப்பது செல்போனையே கைப்பிடியில் மாட்டுவது. அதில் எத்தனை சங்கடம் தெரியுமா? ஐபோனை 35 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் உபயோகிக்காதீர்கள் என்று ஆப்பிள் கம்பெனியே சொல்கிறது. நம் மதுரைச் சித்திரை வெயில் 40-ஐத் தொடுமே! நடு மத்தியானம் கைப்பிடியில் காய்ந்தால் எந்தப் போனும் திரை மங்கி, கடைசியில் அணைந்துவிடும். அதிர்ச்சி வேறு. பெரிய மோட்டார் சைக்கிளின் அதிர்வு கைப்பிடி வழியாக ஏறி போன் காமிராவைக் கெடுக்கலாம் என்று 2021-ல் அதே கம்பெனி எச்சரித்தது. மகளின் புதுப் போனில்தான் நோயாளி மாடுகளின் போட்டோவெல்லாம் இருக்கிறது. அதை எப்படிப் பணயம் வைப்பது?

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை. பீரோவில் இவருடைய பழைய போன் சும்மா கிடந்தது. சிம் கார்டு வேண்டாம் என்றால் அது போதாதா? வீட்டு வைஃபையில் வைத்து மதுரை, தேனி, விருதுநகர், திண்டுக்கல் வரை மேப்பை இறக்கினோம். அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஸ்டாண்டு ஒன்று வாங்கினோம். பிளாஸ்டிக் கவ்விதான் மலிவு, ஆனால் வேகத்தடையில் போன் பறந்துவிடும் என்று மெக்கானிக் தம்பி தடுத்துவிட்டார். சார்ஜ் ஏறுவதற்கு அவரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தார், சாவி போட்டால் மட்டும் ஓடும்படி. இல்லாவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. மழைக்குத் தண்ணீர் புகாத உறை. உங்களுடையது புதுப் போனாக இருந்தால் ஐ.பி. 67 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 7 என்ற கடைசி எண்ணுக்கு, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் தாங்கும் என்று அர்த்தம். வெயில் நேரத்தில் போனைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். பழைய பேட்டரி சூட்டில் உப்பிவிடும், ஜாக்கிரதை.

ஒரு குறை உண்டு. சிம் இல்லாத போன் முதலில் கோள்களைப் பிடிக்கக் கொஞ்சம் திணறும். அதனால் ஷூ மாட்டும்போதே போனை முற்றத்தில் திறந்த வெளியில் வைத்துவிடச் சொல்கிறேன்.

காதில் இயர்போனுக்கு நான் சம்மதிக்கவில்லை. பின்னால் வரும் லாரி ஹாரன் காதில் விழ வேண்டாமா? சட்டமும் 2020 அக்டோபர் முதல், ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத விதத்தில் என்றுதான் அனுமதிக்கிறது. அதனால் வீட்டுச் சட்டம் ஒன்று போட்டோம்: திரையைத் தொட வேண்டுமென்றால் வண்டி ஓரமாக நிற்க வேண்டும்.

இத்தனை செய்தும் மேப்புக்குத் தெரியாதவை இருக்கவே இருக்கின்றன. வைகை அணையைத் திறந்தால் யானைக்கல் தரைப்பாலத்தை மறித்திருப்பார்கள். 2023-ல் திறந்த ஏழு கிலோமீட்டர் நத்தம் ரோடு மேம்பாலத்தில் நாம் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று புள்ளி குழம்பும். புதுப்பட்டி என்று தேடினால் எத்தனை புதுப்பட்டி! ஆகவே போன் வந்ததும் மகள் முதலில் கேட்பது, "உங்க ஊருக்கு எந்த ரோட்டுல வரணும்? கண்மாய் எந்தப் பக்கம்? முக்குல என்ன கோயில்?" என்றுதான். அந்த வீட்டில் பெரிய போன் இருந்தால் இடத்தை அனுப்பச் சொல்வாள். போய்வந்த ஊர்களை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறோம். எழுதுவது நான். மழைக்காலத்தில் போகக் கூடாத கரைகளுக்குச் சிவப்பு மையில் கோடு.

போன மாசம் அதே பெரியவர் வீட்டு மாட்டுக்குப் போன் வந்தது. நோட்டைப் பார்த்து, குறுக்கு வழி வேண்டாம், செக்கானூரணி மெயின் ரோட்டிலேயே போ என்றேன். இருபத்தெட்டு நிமிஷத்தில் சேர்ந்துவிட்டாள். கிடேரிக் கன்று. பெரியவர் அதற்கு என் மகள் பெயரையே வைத்திருக்கிறாராம், கேட்டதிலிருந்து இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.