உலர்ந்த தீந்தைத் துளிகள்
தரையிலும் யன்னற் கண்ணாடியிலும் தெறித்து உலர்ந்த தீந்தைத் துளிகளை அகற்றுமுன், அவை எவ்வகைத் தீந்தை என்பதை அறிதல் வேண்டும். நீர் கலந்து பூசும் தீந்தை, சவர்க்காரமிட்ட வெந்நீரில் சிறிது நேரம் ஊறினால் இளகும். இளகாவிடின் மதுசாரத்தில் தோய்த்த துணி உதவும். எண்ணெய்த் தீந்தையோ இறுகியபின் தர்ப்பந்தைலத்துக்கும் எளிதில் இணங்காது. கண்ணாடியிலாயின் அதனைச் சவர்க்கார நீரால் நனைத்து, சவர அலகைச் சாய்த்துப் பிடித்து வழித்தெடுக்கலாம்.

பழைய வீடுகளிலுள்ள தீந்தையில் ஈயம் கலந்திருக்கக்கூடும். இலங்கையில் அதற்கான சட்ட வரம்பு 2013 இலேயே நடைமுறைக்கு வந்தது. ஆதலின் பழைய துளிகளை உலர்ந்தபடி தேய்த்தல் ஆகாது. எழும் தூசு சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்தே சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும்.