காற்றைக் குடுவையில் அனுப்பிய காலம்

1993-இல் கோவாவின் கேப் ராமா முனையில் கடற்காற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் பிடித்து அடைத்தார்கள். அதில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று அறிய, குடுவைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டியிருந்தது. அலாஸ்காவின் ஆர்க்டிக் கரையிலுள்ள பாரோவில் அமெரிக்கர்கள் 1970-களிலேயே தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கிவிட்டார்கள். கோடிக்கணக்கானோர் மூச்சுவிடும் நம் நாட்டின் காற்றுக்கு அந்த அக்கறை பிந்தித்தான் கிடைத்தது.

நிலைமையை மாற்றியதில் பெங்களூருக்குப் பெரும் பங்குண்டு. பேளூர் வளாகத்தில் 1988-இல் தொடங்கிய சிஎஸ்ஐஆரின் கணித மாதிரியாக்க மையம் (இன்று ஃபோர்த் பாரடைம் இன்ஸ்டிட்யூட்) பிரெஞ்சு விஞ்ஞானிகளோடு சேர்ந்து, 2000-களின் நடுவில் லடாக்கின் ஹான்லேயில் தானியங்கிக் கருவியை நிறுவியது. பெங்களூரிலேயே வைத்திருக்கலாமே என்று தோன்றும். சில்க் போர்டு சந்திப்பில் வைத்தால் அது வண்டிப் புகையைத்தான் அளக்கும். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பொதுக் காற்று வேண்டுமென்றால் 4,500 மீட்டர் உயரத்துக் குளிர்ப்பாலைக்குத்தான் போகவேண்டும். பாரோவைத் தேர்ந்ததும் இதற்காகவே.

அப்போதும் குடுவைகளின் பயணம் ஓயவில்லை. ஹான்லே, புதுச்சேரி, போர்ட் பிளேர் மூன்றிலிருந்தும் பிரான்சுக்குப் போயின. முடிவு வர மாதங்கள் ஆகும். இன்றைய லேசர் கருவிகள் சில நொடிகளுக்கொருமுறை அளவைச் சொல்கின்றன.

அந்த அளவுகள்தான் கவலை தருகின்றன. ஹான்லேயின் ஆண்டுச் சராசரி 2007-இல் 382 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 382 பங்கு), 2011-இல் 391. கோடையில் வடபாதிப் பூமியின் செடிகொடிகள் உறிஞ்சுவதால் அளவு இறங்கும், குளிர்காலத்தில் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் ஹான்லேயில் சுமார் 8 பிபிஎம், பாரோவில் 15-க்கு மேல். ஆனால் ஏறியதெல்லாம் இறங்குவதில்லை; மிச்சம் ஆண்டுதோறும் சேர்கிறது. 2012 வசந்தத்தில் பாரோ 400-ஐத் தொட்டபோது உலகமே திடுக்கிட்டது. இன்று உலகச் சராசரியே 420-ஐத் தாண்டிவிட்டது.

கருவி வளர்ந்த அளவுக்கு நம் பொறுப்பு வளரவில்லை என்பதே என் வருத்தம். கேப் ராமாவில் 2002-க்குப் பின் சில ஆண்டுகள் சேகரிப்பு நின்றுபோனது. அந்த ஆண்டுகளின் காற்றை இனி எந்தப் பணம் கொடுத்தும் அளக்க முடியாது. நீண்ட பதிவுள்ள நிலையங்கள் இந்தியாவில் இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மழையளவை ஒருநாளும் விடாமல் குறித்துவைக்கும் அரசு, இந்தக் கணக்கையும் திட்டக்காலம் முடிந்ததென்று நிறுத்தாமல் நிரந்தர நிதி தந்து நடத்தவேண்டும்.